டோப்போ எடுக்க வருகிறவர்களுக்கு

கருவிழியின் மேற்பரப்பு எங்கே மேடு, எங்கே தட்டை என்று படம் எடுக்கும் சோதனைக்குச் சீட்டில் கார்னியல் டோப்போகிராஃபி என்று எழுதியிருப்பார்கள். எங்களுக்கு அது டோப்போ. ராமநாதபுரத்தில் அந்த மெஷினுக்குப் பின்னால் உட்காருவது என் வேலை. கரையோர ஊர்களிலிருந்து வருகிற பெரியவர்கள் முதலில் கேட்பது, "வலிக்குமா தாயி?" வலிக்காது. கண்ணை எதுவும் தொடாது.

கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் முன்கூட்டியே கழற்றிவிட வேண்டும். சாஃப்ட் லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கெட்டி லென்ஸ் என்றால் இன்னும் அதிகம். டாக்டர் சொல்கிற கணக்குதான். நேற்றுவரை போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். லென்ஸ் அழுத்திவைத்த வடிவத்தைப் படமெடுத்து என்ன பயன்? கண்மை, சுர்மா வேண்டாம். அன்றைக்கே கண் அழுத்தமும் பார்ப்பதாக இருந்தால் டோப்போவை முதலில் முடித்துக்கொள்வது நல்லது.

தாடையை வைத்து, நெற்றியைப் பட்டியில் ஒட்டிக்கொண்டால் எதிரே வட்டத்துக்குள் வட்டமாக ஒளி தெரியும். இந்த வளைய உத்தி 1880களில் போர்ச்சுகல்காரர் பிளாசிடோ கொண்டுவந்தது. வளையங்கள் பிரதிபலிப்பது கருவிழியின் மேல் இருக்கும் கண்ணீர்ப் படலத்தில். அது காய்ந்தால் வளையம் உடைந்து, இல்லாத மேடு பள்ளமெல்லாம் படத்தில் வரும். பாம்பன் பாலத்துக் காற்றில் பைக்கில் வந்தவரை நான் உடனே உட்காரவைப்பதில்லை. இரண்டு தரம் இமை கொட்டி, கண்ணை அகலத் திறந்து, நடுவில் தெரியும் புள்ளியைப் பாருங்கள். அவ்வளவுதான், சில நொடி. இமை விழுந்தால் நான் தூக்கிப் பிடிப்பேன். நீங்கள் விரலால் அழுத்தாதீர்கள்.

படத்தில் சிவப்பைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். சிவப்பு என்றால் வளைவு அதிகம், நீலம் என்றால் தட்டை. பக்கத்தில் உள்ள அளவுகோலைப் பார்க்காமல் நிறத்தை நம்பக்கூடாது. ஒரு நிறத்துக்கும் அடுத்த நிறத்துக்கும் நடுவே உள்ள அளவு வித்தியாசத்தைச் சிறிதாக வைத்தால் நல்ல கண்ணும் பயமுறுத்தும். பெரும்பாலான கண்களில் வளைவு 43, 44 டயாப்டரை (வளைவைச் சொல்லும் அலகு) ஒட்டி இருக்கும். கீழ்ப்பாதி மட்டும் ஒருபக்கமாகச் சிவந்திருந்தால் கூம்புக் கருவிழியோ (கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைப்பது) என்று சந்தேகிப்போம், அதுவும் எந்நேரமும் கண்ணைக் கசக்குகிற பிள்ளைகளிடம். அப்போது கருவிழியின் தடிமனையும் பின்பக்கத்தையும் காட்டும் ஸ்கேன் தேவைப்படும். கசக்குவதை மட்டும் அன்றைக்கே நிறுத்தச் சொல்லிவிடுவேன்.

வெயிலிலேயே கடல் தொழில் பார்த்தவர்களுக்கு மூக்குப் பக்கத்திலிருந்து சதை வளர்ந்து கருவிழியில் ஏறியிருக்கும். அது அந்தப் பக்கத்தைத் தட்டையாக்கிவிடும். புரை ஆபரேஷனில் கண்ணுக்குள் வைக்கிற லென்ஸின் பவரைக் கணக்கிட இந்த வளைவு அளவு வேண்டும் என்பதால், சதை பெரிதாக இருந்தால் முதலில் அதை எடுத்து, கண் ஆறிய பிறகு டோப்போவைத் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். அலைச்சல்தான், ஆனால் தப்பான பவரில் லென்ஸ் வைத்துக்கொள்வதற்கு இது தேவலை.

பழைய படம் இருந்தால் மறக்காமல் கொண்டுவாருங்கள். முடிந்தவரை ஒரே வகை மெஷினிலேயே எடுங்கள். இல்லாவிட்டால் கண் மாறியதா, மெஷின் மாறியதா என்று டாக்டரால் பிரித்துச் சொல்ல முடியாது.