ஈர மரத்தில் சீலர் பூசாதீர்கள்

திறந்தவெளியில் போட்ட மரத்தளம் நாளடைவில் சாம்பல் பூத்துவிடும். அழுக்கு ஏறிவிட்டது என்று எண்ணிப் பலர் பிரஷர் வாஷரைக் கையில் எடுப்பது அப்போதுதான். அந்தச் சாம்பல் நிறத்தில் அழுக்கின் பங்கு கொஞ்சமே. மரநார்களைப் பசைபோலப் பிணைத்திருக்கும் லிக்னினை வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சிதைத்துவிட்டதால், பிடிப்பிழந்த நார் வெளிறித் தெரிகிறது. அதன்மேல் நீரை வேகமாகப் பீய்ச்சினால் மென்மையான பகுதி அரிபட்டு, பலகை மேடுபள்ளமாகும். பிறகு வெறுங்காலில் நடந்தால் சிராய் ஏறும். அந்தக் கருவிதான் வேண்டுமென்றால், நீரை விசிறிபோலப் பரப்பும் முனையை மாட்டி, பலகையிலிருந்து ஓர் அடியாவது தள்ளிப் பிடித்து, இழை ஓடும் திசையிலேயே நகர்த்துங்கள். என்னைக் கேட்டால், நீளக் கைப்பிடி வைத்த நார் பிரஷே போதும். இரும்புக் கம்பி பிரஷ் மட்டும் வேண்டாம். உடைந்து சிக்கும் துணுக்கு, மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருங்கறையாகிவிடும்.

குளோரின் பிளீச் பாசியைக் கொல்லும், மரத்தை வெளுக்கச் செய்யும். ஆனால் மண்ணழுக்கை எடுக்காது, அளவு மீறினால் மிச்சமிருக்கும் லிக்னினையும் தின்னும். சோடியம் பெர்கார்பனேட் என்ற ஆக்ஸிஜன் வெளுப்புத்தூள் கலந்த கரைசல் இதைவிடச் சாதுவானது. ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிடாமல் வைத்திருந்து தேய்த்து அலசலாம். அது காரத்தன்மை உள்ளது என்பதால் மரம் சற்றுக் கறுத்துத் தோன்றும். ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் அதைச் சரிசெய்வதோடு துருக்கறையையும் நீக்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

இனிதான் பெரிய தவறு. கழுவிய மறுநாள் காலை தொட்டுப் பார்த்தால் மேல்பரப்பு உலர்ந்திருக்கும், மரத்தை மழை வெயிலிலிருந்து காக்கப் பூசும் சீலர் டப்பாவைத் திறக்கக் கை துறுதுறுக்கும். நானும் அப்படித் திறந்தவன்தான். ஈரம் உள்ளே இருக்கையில் சீலர் ஊறுவதற்கு இடமில்லை; மேலேயே தங்கி, சில மாதங்களில் செதில் செதிலாக உரியும். மழையில்லாத இரண்டு நாளாவது காத்திருங்கள். குளிரோ மூட்டமோ இருந்தால் இன்னும் கூடுதலாக. ஈரமானி இருந்தால் 15 சதவீதத்துக்குக் கீழே வரட்டும். இல்லையென்றால் நாலைந்து இடங்களில் சில துளி நீர் விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் உறிஞ்சிக்கொண்டால் மரம் தயார். துளி உருண்டு நின்றால் ஈரமோ பழைய பூச்சோ இன்னும் இருக்கிறது. பழைய பூச்சு என்றால் அதை அகற்றாமல் மேற்கொண்டு போக முடியாது. தேய்ப்பதற்கு 60 முதல் 80 எண் உப்புத்தாள் போதும். வழவழவென்று ஆக்கிவிட்டால் சீலர் உள்ளே இறங்காது.

உச்சி வெயிலில் பூசினால் ஊறுவதற்குள் காய்ந்துவிடும். தடிமனாகப் பூசினால் நீண்டநாள் வரும் என்பதும் பொய்க்கணக்கு. ஊறும் வகைச் சீலரில் மரம் குடிக்காமல் விட்டது பிசுபிசுக்கும். கால் மணி நேரத்துக்குள் துணியால் துடைத்தெடுங்கள். பலகையின் வெட்டுமுனைகளில் மட்டும் தாராளமாகப் பூசலாம், நீரை அதிகம் குடிப்பது அவைதான். நிறமி கலவாத தெளிந்த சீலரை வாங்கிவிட்டு மரம் மறுபடி வெளிறுகிறதே என்று நொந்துகொள்ளாதீர்கள். வெயிலைத் தடுப்பதில் நிறமிக்கே பெரும்பங்கு.

துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிவதை மறந்தும் செய்யாதீர்கள். எண்ணெய் வகைச் சீலர்களில் உள்ள ஆளிவிதை எண்ணெய் போன்றவை காற்றோடு வினைபுரிந்து காயும்போது சூடு பிறக்கும். சுருண்ட துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றக்கூடும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது நீர் நிரப்பிய உலோக டப்பாவில் அமிழ்த்தி மூடிவையுங்கள்.