பம்பரில் மெஷ் கிரில் மாட்டப் போகிறீர்களா? பலரும் தவறு செய்யும் இடங்கள் இவை

காரின் முகத்தை மாற்ற, பம்பர் திறப்பில் வலை மாட்டும் இந்த மெஷ் கிரில் அளவுக்கு எளிய வழி குறைவு. ஒரு துண்டு அலுமினிய வலை, தகரம் வெட்டும் கத்தரி, கொஞ்சம் பெயின்ட், ஒரு விடுமுறை நாள் இருந்தால் போதும். அதனாலேயே பலர் இதை அலங்கார வேலையாக மட்டும் நினைத்து இறங்கிவிடுகிறார்கள். ஆனால் பம்பரில் இருக்கும் திறப்புகள் முதலில் காற்றுக்கானவை. அவற்றுக்குப் பின்னால் பெரும்பாலான கார்களில் ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் நிற்கிறது, அதற்கும் பின்னால் ரேடியேட்டர். டர்போ இன்ஜின் என்றால் பல வண்டிகளில், இன்ஜினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அங்கேதான். இந்தக் காற்றை மறந்துவிட்டு அழகை மட்டும் பார்ப்பதுதான் மிகப் பெரிய தவறு.

கடையில் நிற்கும்போது சின்னக் கண் (ஓட்டை) உள்ள வலைதான் கையை இழுக்கும். அடர்த்தியாக இருக்கும், உள்ளே இருப்பதை மறைக்கும், பந்தயக் கார் போலத் தோன்றும். வாங்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நெய்த கம்பி வலையில், கண்ணின் அகலத்தைக் கண்ணும் கம்பியும் சேர்ந்த அகலத்தால் வகுத்து, வரும் விடையை அதே விடையால் பெருக்கினால் எவ்வளவு பரப்பு திறந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். 12 மி.மீ. கண், 1.5 மி.மீ. கம்பி என்றால் ஏறக்குறைய 79 சதவீதம் திறப்பு. 6 மி.மீ. கண், 1 மி.மீ. கம்பி என்றால் 73 சதவீதம். அதே 1 மி.மீ. கம்பியில் கண் 3 மி.மீ. ஆனால் 56 சதவீதம்தான் மிஞ்சும். அதன் மேல் பவுடர் கோட்டிங், அதாவது சூட்டில் உருக்கி ஒட்டும் பெயின்ட் தூள், ஏறுகிறது. எல்லாப் பக்கமும் 0.1 மி.மீ. படிந்தால் கம்பி தடித்து, கண் சுருங்கி, அந்த 56 என்பது 49 ஆகிவிடும். 12 மி.மீ. கண்ணிலோ இதே பூச்சு 3 சதவீதத்தைத்தான் தின்னும். போதாததற்கு சின்னக் கண்ணில் பூச்சியும் சேறும் காய்ந்த இலையும் ஒட்டிக்கொள்ளும்.

பழைய கிரிலை விட்டுவிட்டு அதன் பின்னால் மெஷ் வைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழைய கிரிலின் பட்டைகள் மறைப்பது ஒரு பங்கு, வலை மறைப்பது இன்னொரு பங்கு. என் கருத்தில், பின்னால் வைக்கும் வலைக்கு 10 மி.மீ.க்குக் குறைந்த கண் வேண்டாம்.

“மாட்டி ஓட்டிப் பார்த்தேன், முள் நடுவிலேயே நிற்கிறது” என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். இன்றைய பல கார்களில் டாஷ்போர்டில் இருக்கும் வெப்ப முள், கூலன்ட் சூடு ஓரளவு ஏறி இறங்கினாலும் அசையாமல் நடுவில் நிற்கும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. அது நகரத் தொடங்கும்போது சூடு நன்றாகவே ஏறியிருக்கும். காரின் கணினித் தகவலைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகி, மாட்டுவதற்கு முன்னும் பின்னும் அதே சாலையில், ஏசி ஓட, டிகிரி எண்ணைப் பாருங்கள். நிறைய பாரத்தோடு நீண்ட மேட்டில் ஏறும்போது என்ன ஆகிறது என்பதுதான் உண்மையான சோதனை. சிக்னலில் நிற்கும்போது ஏசி குளிர்ச்சி குறைகிறதா என்றும் கவனியுங்கள். காற்று போதாவிட்டால் கண்டென்சர் அதை முதலிலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு, பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்புகளையும் ஃபோம் பட்டைகளையும் இடைஞ்சல் என்று கழற்றி எறிவது. உள்ளே வரும் காற்று சுற்றிக்கொண்டு நழுவிப் போகாமல் ரேடியேட்டருக்குள்ளேயே போக வைப்பது அவைதான். அவை இல்லையென்றால் எவ்வளவு பெரிய கண் வைத்தும் பயன் குறைவு. பம்பரின் இரண்டு ஓரங்களில் மூடியபடி இருக்கும் போலித் திறப்புகளை வெட்டித் திறப்பதும் அப்படித்தான். பின்னால் குளிர வேண்டிய எதுவும் இல்லாத இடத்தில் ஓட்டை போட்டால், தண்ணீரும் கல்லும் உள்ளே போவதுதான் மிச்சம்.

சென்சார் விஷயம்

இந்த இடத்தில் நான் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். வண்டியில் அடாப்டிவ் குரூஸ் (முன்னால் போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே மாற்றும் வசதி) அல்லது தானியங்கி அவசர பிரேக் இருந்தால், முன்பக்கம் எங்கேயோ ஒரு ரேடார் இருக்கக்கூடும். சிலவற்றில் அது லோகோவுக்குப் பின்னால், சிலவற்றில் கீழ் கிரிலின் நடுவே ஒரு மழமழப்பான கறுப்பு மூடிக்குப் பின்னால். இந்த ரேடார்கள் பெரும்பாலும் 77 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வேலை செய்கின்றன. அலைநீளம் 4 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதன் முன்னால் உலோக வலை வந்தால் அலை சிதறும், திரும்பி வரும். மாட்டியவுடன் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் நல்லது, தெரிந்துவிடும். விளக்கு எரியாமல் பாதி பார்வையோடு அது வேலை செய்வதுதான் ஆபத்து. “பெரிய கண்தானே, அலை போய்விடும்” என்ற வாதத்தை நம்ப வேண்டாம். அந்த மூடியின் மேல் உலோகத் துகள் கலந்த பெயின்ட் அடிப்பதும் கூடாது. ரேடார் இருக்கும் பகுதியைத் தொடாமல் விட்டு, மற்ற இடத்தில் மட்டும் வலை போடுங்கள். அழகு கெடுகிறது என்று தோன்றினால், அந்த வண்டிக்கு மெஷ் கிரில் வேண்டாம்.

வெளிவெப்ப சென்சாரும் பல கார்களில் இதே பகுதியில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அதை வேறு எங்காவது சூடான மூலையில் கட்டிவிட்டால் ஏசி தவறான கணக்கில் ஓடும். பம்பருக்குப் பின்னால் இருக்கும் ஃபோம் கட்டையை வலைக்கு இடம் வேண்டும் என்று செதுக்கவே கூடாது. மோதலின்போது அடியைத் தாங்குவது அது. சில கார்களில் பாதசாரி மோதுவதை உணரும் ரப்பர் குழாயும் அதற்குள்தான் ஓடுகிறது.

வலையும் வெட்டும்

இரும்பு வலை மலிவு, ஆனால் துத்தநாகப் பூச்சு இருந்தாலும் வெட்டிய முனைகளில் துரு பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நீடிக்கும், ஆனால் வளைக்கக் கடினம். கையால் செய்பவர்களுக்கு அலுமினிய எக்ஸ்பாண்டட் மெஷ்தான் (தகட்டில் கீறல் போட்டு இழுத்து விரித்த வலை) நல்லது: லேசானது, வளையும், துருப்பிடிக்காது. அலுமினியத்தை ஸ்டீல் ஸ்க்ரூவால் நேரடியாக இறுக்கினால், உப்பு ஈரம் படும் இடங்களில் ஸ்க்ரூவைச் சுற்றி அலுமினியம் அரித்துப்போகும். நடுவே நைலான் வாஷர் போட்டால் போதும்.

எக்ஸ்பாண்டட் மெஷ்ஷுக்குத் திசை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதன் இழைகள் தட்டையாக இல்லாமல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். ஒரு விதமாகப் பிடித்தால் பின்னால் இருப்பது நன்றாகத் தெரியும், தலைகீழாகத் திருப்பினால் மறையும். இரண்டு ஓரத் திறப்புகளுக்கும் வெவ்வேறு திசையில் வெட்டிவிட்டால், ஒரே வலையாக இருந்தும் பகலில் இரண்டும் வேறு நிறம் போலத் தெரியும். வெட்டும் முன்பே மாஸ்கிங் டேப்பில் அம்புக்குறி போட்டு ஒட்டிவிடுங்கள்.

நேரடியாக வலையில் அளவு குறிப்பதும் வேண்டாம். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்து, சுற்றிலும் 20 முதல் 25 மி.மீ. கூடுதலாக விட்டு வலையை வெட்டுங்கள். பம்பர் எல்லாப் பக்கமும் வளைந்திருப்பதால், வளைக்கும்போது வலை உள்வாங்கும். குறைந்துபோனதை ஒட்ட முடியாது. கிரைண்டரால் வெட்டுவதாக இருந்தால் வண்டியிலிருந்து தள்ளிப் போய் வெட்டுங்கள். பறக்கும் சூடான இரும்புத் துகள் பெயின்டில் பதிந்து, அப்புறம் துருப்புள்ளியாகும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

கூரான முனை எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. காரின் வெளிப்புற நீட்டல்கள் பற்றிய ஐ.நா. விதி 26, பொதுவாக வெளியே துருத்தும் பாகங்களின் விளிம்பு வளைவு 2.5 மி.மீ. ஆரத்துக்குக் குறையக் கூடாது என்கிறது. ஒரு மனிதரின் காலில் முதலில் படும் பாகம் இது. வலையை எப்போதும் உள்பக்கமிருந்து பொருத்தி, விளிம்பைப் பின்னோக்கி மடியுங்கள்.

பெயின்டைப் பற்றி ஒன்றே ஒன்று: வெற்று அலுமினியத்தின் மேல் நேராக ஸ்ப்ரே அடித்தால் உரிந்து வரும். லேசாகத் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அடிப்பூச்சான எட்ச் பிரைமர் அடித்து, அதன் மேல் மெல்லிய பூச்சாகப் பல முறை அடிக்க வேண்டும். வெட்டி வளைத்து முடித்த பிறகே பெயின்ட்.

எதைக் கொண்டு ஒட்டுவது?

பம்பரின் உள்பக்கத்தைப் பாருங்கள், என்ன பிளாஸ்டிக் என்று அச்சிட்டிருக்கும். பெரும்பாலும் ‘பிபி’, அதாவது பாலிபுரொப்பிலீன். சிலிக்கானும் சாதாரண எபாக்சியும் இதில் சரியாகப் பிடிக்காது; முதல் வாரம் நிற்கும், அப்புறம் அதிர்வில் தகடாகப் பெயர்ந்து வரும். ஹாட் க்ளூ வெயிலிலும் இன்ஜின் சூட்டிலும் இளகிவிடும். கிரில் சட்டம் மட்டும் ஏபிஎஸ் என்ற வேறு வகை பிளாஸ்டிக்காக இருந்தால் எபாக்சி நன்றாகவே பிடிக்கும். பாலிபுரொப்பிலீனுக்கு ஏற்ற வழி, மறைவான இடங்களில் சின்ன ஸ்க்ரூவும் அகலமான வாஷரும், அல்லது வெயில் தாங்கும் கறுப்பு கேபிள் டை. ஸ்க்ரூவின் முனை கண்டென்சரைப் பார்த்து நீளக் கூடாது. கண்டென்சரின் இறக்கை போன்ற தகடுகள் மெல்லியவை, அதன் குழாயில் ஒரு சின்னத் துளை விழுந்தாலும் ஏசி கேஸ் முழுவதும் போய்விடும். வலைக்கும் கண்டென்சருக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி இருக்கட்டும், அதிவேகக் காற்றில் வலை உள்நோக்கி வளையும். விளிம்பில் ஃபோம் டேப் ஒட்டினால் கடகட சத்தம் வராது.

பம்பரை இருவராகக் கழற்றுங்கள். கழற்றும் முன் ஃபெண்டர் ஓரத்தில் டேப் ஒட்டுங்கள், ஃபாக் லைட் வயரை மறக்காமல் பிடுங்குங்கள். வராத இடத்தில் இழுக்காதீர்கள். சக்கர வளைவுக்குள் ஒரு ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். இழுவைக் கொக்கி மாட்டும் துளை வலைக்குப் பின்னால் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பம்பரைத் திரும்ப மாட்டிய பிறகு, ரேடார் உள்ள சில வண்டிகளுக்கு அளவுத்திருத்தம் தேவைப்படும். அதை மெக்கானிக்கிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

மாட்டி ஓரிரு வாரம் ஓட்டிய பின் கேபிள் டைகளை ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள், தளர்ந்ததை மாற்றுங்கள். கழுவும்போது அதிக அழுத்தத் தண்ணீரை வலை வழியாகக் கண்டென்சரின் மேல் நேராக அடிக்காமல், மிருதுவான பிரஷும் சாதாரணக் குழாய்த் தண்ணீரும் கொண்டு பூச்சிகளை எடுங்கள்.