செய்முறை அறிவியல்: தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் நாம் செய்யும் தவறுகள்

தொடக்கப்பள்ளி வயதில் அறிவியல் ஆர்வத்தை வளர்க்கச் செய்முறையே சிறந்த வழி என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் பொதுவாக ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பொருள்களைக் கையில் கொடுத்துவிட்டாலே கற்றல் நடந்துவிடும் என்று நம்பி, கை வேலை செய்யும்போது சிந்தனையும் உடன் செல்கிறதா என்று கவனிக்கத் தவறிவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் இங்கிருந்தே தொடங்குகின்றன.

மிகப் பரவலான தவறு, செய்து பார்ப்பதற்கு முன்பே முடிவைச் சொல்லிவிடுவது. கனமான பொருள் மூழ்கும், லேசான பொருள் மிதக்கும் என்பது ஏழெட்டு வயதுக் குழந்தைகள் பலரின் எண்ணம். தண்ணீரில் கரையாத விளையாட்டுக் களிமண்ணை உருண்டையாகப் போட்டால் மூழ்கும். அதையே தட்டையாக்கி, விளிம்புகளை உயர்த்திக் கிண்ணம்போலச் செய்து வைத்தால் மிதக்கும். எடை கூடவுமில்லை, குறையவுமில்லை. இதை நாமே செய்துகாட்டினால் குழந்தை தலையாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். "இந்த உருண்டையை எப்படியாவது மிதக்க வைக்க முடியுமா?" என்று கேட்டு, ஒவ்வொருவரும் தம் ஊகத்தைச் சொன்ன பிறகு களிமண்ணைக் கொடுத்துப் பாருங்கள். ஓரிரு முறை மூழ்கிய பிறகு கிண்ணத்தின் சுவரை இன்னும் கொஞ்சம் உயர்த்தும் குழந்தை, ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதை அறிந்தே செய்கிறது.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்காமல் இருப்பதும் இதே வகைத் தவறுதான். அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருப்பதையும், அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டித்தபோது குழந்தைகளின் பதில்கள் நீண்டு, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசத் தொடங்கியதையும் 1970களில் எடுத்துக்காட்டினார். எந்தக் கருவியும் வேண்டாத இந்தத் திருத்தத்தை இன்றே தொடங்கலாம்.

தவறான விளக்கத்தைச் சரிபார்க்காமல் கடத்துவது இன்னும் கவலைக்குரியது. தட்டிலுள்ள தண்ணீரின் நடுவே மெழுகுவத்தியை ஏற்றிக் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்தால், சுடர் அணைந்து தண்ணீர் உள்ளே ஏறும். எரிந்து தீர்ந்த ஆக்சிஜனின் இடத்தைத் தண்ணீர் நிரப்புவதாகப் பல இடங்களில் இன்னும் சொல்லித் தரப்படுகிறது. உண்மையில், சுடரின் வெப்பத்தால் விரிந்த காற்றில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய காற்று குளிர்ந்து உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. சுடர் அணையும்போது தம்ளருக்குள் ஆக்சிஜன் இன்னும் மீதமிருக்கும். தண்ணீர் எப்போது ஏறுகிறது என்று மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். சுடர் அணையும் தருவாயிலும் அணைந்த பின்னும்தான் அது வேகமாக ஏறும். பிறகு ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவத்திகளை வைத்தால் தண்ணீர் மேலும் உயரும். ஆக்சிஜன்தான் காரணமென்றால் அளவு ஏன் மாறுகிறது என்று ஐந்தாம் வகுப்புக் குழந்தையே கேட்டுவிடும். அந்தக் கேள்விக்கு இடம் கொடுத்த வகுப்பில்தான் அறிவியல் நடக்கிறது என்பேன்.

ஒரே நேரத்தில் பலவற்றை மாற்றிவிடுவதையும் தவிர்க்க வேண்டும். விதை முளைக்க வெளிச்சம் தேவையா என்று பார்க்கும்போது, இருட்டில் வைத்ததற்குத் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டால் முடிவுக்குப் பொருளில்லை. இரண்டுக்கும் ஒரே அளவு ஈரம் இருந்தால், பயறு இருட்டிலும் முளைப்பதைக் குழந்தைகள் வியப்போடு காண்பார்கள். பார்த்ததை அவர்களே வரையட்டும்; கரும்பலகையிலிருந்து படியெடுத்த படத்தில் அவர்கள் கண்டது எதுவும் இருக்காது.

பாதுகாப்பில் மட்டும் 'செய்து பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்' என்ற எண்ணம் கூடாது. மெழுகுவத்தி எரியும்போது பெரியவர் அருகிலேயே இருக்க வேண்டும். உருப்பெருக்கி வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதை அதைக் கையில் தருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். விழுங்கப்பட்ட பட்டன் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைக் கடுமையாகப் புண்ணாக்கலாம். விழுங்கிய காந்தங்கள் குடலின் மடிப்புகளுக்கு இடையே ஒன்றையொன்று இழுத்துத் துளையிடலாம். எனவே சிறிய காந்தங்களையும் பட்டன் பேட்டரிகளையும் இந்த வயதினருக்கான செய்முறைப் பொருள்கள் பெட்டியில் சேர்க்காமல், பெரிய சட்டக்காந்தத்தையும் வழக்கமான 1.5 வோல்ட் மின்கலத்தையும் வைப்பதும், வகுப்பு முடிந்ததும் கொடுத்த பொருள்களை எண்ணித் திரும்பப் பெறுவதும் ஆசிரியரின் வேலை.