பக்கவாதத்துக்குப் பின் பேச்சுக் குறைபாட்டைக் கண்டறியும் முறை

பேச்சு திடீரென இப்போதுதான் குழறத் தொடங்கியது என்றால், எந்தச் சோதனையிலும் நேரத்தை வீணாக்காமல் 108-ஐ அழையுங்கள்; ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

பக்கவாதத்திலிருந்து மீண்டவர் பேசத் தடுமாறும்போது, அவருக்குப் புத்தி மழுங்கிவிட்டதென்று வீட்டார் முடிவுகட்டுவது மிகவும் வருத்தத்துக்குரியது. பெரும்பாலும் பழுதுபட்டிருப்பது மொழியே தவிர அறிவு அன்று. சொற்கள் சரியாக இருந்தும் ஒலி மட்டும் குழறினால், அது பேச்சுத் தசைகளின் தளர்ச்சியாக இருக்கலாம். சாவி, சீப்பு, தம்ளர் ஆகியவற்றைக் காட்டிப் பெயர் கேளுங்கள். பயன் தெரிந்தும் பெயர் வராமல் தவித்தால் மொழியிழப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஒற்றைச் சொற்களாகத் திணறிப் பேசும் வகையை 1861-இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா மூளையின் இடது முன்பகுதிப் பாதிப்போடு இணைத்துக் காட்டினார்.

எளிதில் தவறவிடப்படுவது மற்றொரு வகை: பேச்சு சரளமாக ஓடும், ஆனால் பொருள் இராது, பிறர் சொல்வதும் விளங்காது. இதை மனக்குழப்பம் என்றே பலர் எண்ணிவிடுகிறார்கள். காதுக்கருவி அணிபவரானால் அதை மாட்டிவிட்டு, "கதவைக் காட்டிவிட்டு மூக்கைத் தொடுங்கள்" என்று சைகையின்றிச் சொல்லுங்கள். உங்கள் பார்வைகூட விடையைக் காட்டிக்கொடுத்துவிடும். பதிலுக்கு நிதானமாகக் காத்திருந்து, கண்டவற்றைக் குறித்துவைத்துப் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.