மேக்ஸ்வெல்லா, நோவா ப்ரோவா? கடலோரத்தில் ஹெட்செட் வாங்கும்போது செய்யும் தவறுகள்

கீழக்கரையில் எங்கள் தெருவில் வளைகுடாவுக்கு ஆள் போகாத வீடு குறைவு. லீவுக்கு யாராவது வருகிறார் என்று தெரிந்தால் போதும், "காக்கா, வரும்போது ஒரு கேமிங் ஹெட்செட் வாங்கிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவோம். (அண்ணனை எங்கள் பக்கம் காக்கா என்போம்.) எது வேண்டும் என்று அவர் கேட்டால், விலை கூடிய வயர்லெஸ் வகையில் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் வரும். ஒன்று 2022இல் வந்த ஸ்டீல்சீரிஸ் ஆர்க்டிஸ் நோவா ப்ரோ வயர்லெஸ். இன்னொன்று 2023இல் வந்த ஆடிஸி மேக்ஸ்வெல். வெளிவந்தபோது முதலாவது 350 டாலர், இரண்டாவது 299 டாலரில் தொடங்கியது. இவ்வளவு பணம் போட்டு வாங்கிவிட்டு, நாலு மாதத்தில் அலமாரியில் தூக்கி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே நல்ல பொருள்தான். எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில்தான் தப்பு நடக்கிறது.

பெட்டியில் போட்டிருக்கும் மில்லிமீட்டரை வைத்து முடிவு செய்வது முதல் தவறு. ஹெட்செட்டுக்குள் ஒலி எழுப்பும் பகுதிக்கு டிரைவர் என்று பெயர். மேக்ஸ்வெல்லில் 90 மி.மீ. டிரைவர், நோவா ப்ரோவில் 40 மி.மீ. அதனால் ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்கு நன்றாகக் கேட்கும் என்று நினைக்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு வகை. நோவா ப்ரோவில் இருப்பது வழக்கமான ஸ்பீக்கர் போல, கம்பிச்சுருள் ஒரு சின்ன சவ்வைத் தள்ளி ஒலி எழுப்புவது. மேக்ஸ்வெல்லில் மெல்லிய படலம் முழுவதும் மின்பாதை ஓடுகிறது; காந்தங்களுக்கு நடுவே படலம் மொத்தமாக ஒரே சீராக அசையும். அதற்குப் பரப்பு அதிகம் வேண்டும், அதனால்தான் பெரிய அளவு. கேட்கும்போது மேக்ஸ்வெல்லின் தெளிவு எனக்குக் கூடுதலாகப் பிடித்தது, பாட்டுக் கேட்கும்போது இன்னும். ஆனால் அந்தக் காந்தங்களுக்கு எடை உண்டு. மேக்ஸ்வெல்லின் எடை 490 கிராம், அரைக் கிலோவுக்குப் பத்துக் கிராம்தான் குறைவு. நோவா ப்ரோ 340 கிராமுக்குள் இருக்கும்.

இந்த எடையைக் கடையில் ஏசியில் நின்று பத்து நிமிடம் போட்டுப் பார்த்தால் தெரியாது. சித்திரை மாதத்தில், காற்று நின்று போன மதியத்தில், புழுக்கம் பிடித்த அறையில் இரண்டு மணி நேரம் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் காதைச் சுற்றி இருப்பது செயற்கைத் தோல் குஷன். வியர்வை அதற்குள் போகாது, வழிந்து காதோரம் தேங்கும். எடை கூடினால் அழுத்தமும் கூடும். அறையில் ஏசி இல்லாதவர்களுக்கு என் யோசனை நோவா ப்ரோதான். ஏசி இருந்து, இரவில்தான் ஆடுவேன் என்றால் மேக்ஸ்வெல்லைத் தயங்காமல் வாங்கலாம்.

அடுத்தது, அதிகம் பேர் ஏமாறும் இடம். இரண்டு பெட்டியிலும் இரைச்சலைக் குறைக்கும் என்ற பேச்சு வருகிறது. மேக்ஸ்வெல்லில் அது மைக்குக்கு உரியது. உங்கள் ஃபேன் சத்தம் எதிர்முனையில் ஆடும் நண்பனுக்குக் கேட்காமல் வடிகட்டும். உங்கள் காதுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உங்கள் காதில் விழும் இரைச்சலையே அமர்த்தும் ஏஎன்சி நோவா ப்ரோவில்தான் உண்டு. அதுவும் எல்லாச் சத்தத்தையும் அடக்காது. சீலிங் ஃபேன், ஜெனரேட்டர், ஏசி போல ஒரே சீராக ஓடும் தாழ்ந்த ஒலியில் நன்றாக வேலை செய்யும். அடுத்த அறையில் யாராவது பேசுவதும், குக்கர் விசில் அடிப்பதும் கேட்கத்தான் செய்யும். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஜன்னலைத் திறந்து வைத்தால் காற்று மைக்கில் நேராக அடிக்கும். அப்போது வடிகட்டியை நம்புவதைவிட ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவது மேல்.

பேட்டரியை மணிக்கணக்கில் மட்டும் ஒப்பிடாதீர்கள். மேக்ஸ்வெல் ஒரு சார்ஜில் 80 மணி நேரம் போகும் என்கிறார்கள். நோவா ப்ரோவின் ஒரு பேட்டரி 22 மணி நேரம். ஆனால் அதோடு இரண்டு பேட்டரி வரும். ஒன்று காதில் ஓட, மற்றது, ஹெட்செட்டோடு வந்து மேசையில் இருக்கும் சின்னப் பெட்டியில் சார்ஜ் ஆகும். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது, நம் ஊர் வெப்பத்தில் சீக்கிரம் மூப்படையும். அப்போது கழற்றி மாற்றக்கூடிய பேட்டரியின் அருமை தெரியும்.

பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கேம் ஆடும் கருவிகளான கன்சோல் விஷயத்தில் காக்காவிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இரண்டிலுமே பிளேஸ்டேஷன் பதிப்பு எக்ஸ்பாக்ஸில் வயர்லெஸ்ஸாக ஓடாது. எக்ஸ்பாக்ஸ் பதிப்பு இரண்டு கன்சோலிலும், கம்ப்யூட்டரிலும் ஓடும். பில்லைப் பத்திரமாக வாங்கி வரச் சொல்லுங்கள். ஆனாலும் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். நூறு, நூற்றைம்பது திர்ஹம் மிச்சம் என்று அங்கே வாங்குவதற்கு முன்னால் இதையும் கணக்கில் வையுங்கள்.

வாங்கியபின் புளூடூத்தில் ஆடாதீர்கள். துப்பாக்கி வெடித்தபின் சத்தம் வரும். மைக்கும் சேர்ந்தால் ஒலித்தரம் போன் பேசும் அளவுக்கு இறங்கிவிடும். கூட வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவி வழியாகவே ஆடுங்கள். மேக்ஸ்வெல்லுக்கு அந்தக் கருவி டாங்கிள் எனப்படும் சின்ன யுஎஸ்பி துண்டு; அதை சிபியு பின்னால் யுஎஸ்பி 3 போர்ட்டுகளுக்கு நடுவே சொருகினால் ஒலி விட்டுவிட்டு வரலாம், அந்தப் போர்ட்டுகள் அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு மேசைக்கு மேலே கொண்டு வாருங்கள், சரியாகிவிடும்.

அப்புறம் உப்புக் காற்று. என் முதல் ஹெட்செட்டைக் கடல் பார்த்த ஜன்னல் திண்டில்தான் வைப்பேன். ஒரே வருடத்தில் சார்ஜ் போடும் துளையில் பச்சைக் களிம்பு ஏறி, ஒயர் சொருகினாலும் சார்ஜ் ஏறாமல் போய்விட்டது. இப்போது ஆடி முடித்ததும் குஷனை உலர்ந்த துணியால் துடைக்கிறேன். ஈரம் காய்ந்தபிறகு, காக்கா கொண்டுவந்த பேரீச்சம்பழ டப்பாவில் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து மூடிவிடுகிறேன்.