மரபு நடைக்கு ஆள் சேர்க்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊருக்கு ஊர் இப்போது ஒரு தொல்லியல் கழகமோ மரபு ஆர்வலர் குழுவோ இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு, பழைய இடங்களைப் பார்க்க ஒரு மரபு நடை; வாட்ஸ்அப்பில் ஓர் அறிவிப்பு, ஒரு வேன், மதியத்துக்குப் புளியோதரைப் பொட்டலம். நல்ல விஷயம்தான். ஆனால் இவற்றை நடத்துகிறவர்களுக்குக் கல்வெட்டு தெரிந்த அளவுக்குக் கூட்டம் தெரிவதில்லை. பெரும்பாலான சிக்கல்கள் அதிலிருந்துதான் வருகின்றன.

தேதியிலேயே தவறு தொடங்கிவிடும். ஏப்ரல் 18 உலக மரபு நாள் என்பதால் அன்றைக்கே மலை ஏறிவிட ஆசைப்படுவார்கள். அது சித்திரை வெயில். புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் என்ற குகையிலுள்ள சமணர் படுக்கைகளைப் பார்க்க மொட்டைப் பாறையில் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் அங்கே பாறையும் சுடும், கைப்பிடிக் கம்பியும் சுடும். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம் வருகிறது. அது மழைக்காலம், ஈரப்பாறை வழுக்கும். மலைக்குத் தையும் மாசியும்தான் சரி. மரபு நாளை விடவே மனமில்லை என்றால், உள்ளூர் அருங்காட்சியகத்தில் கொண்டாடலாமே.

அடுத்தது பேராசை. வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரிகிறது என்று சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர், திருமயம் ஐந்தையும் ஒரே நாளில் அடைத்துவிடுகிறார்கள். குடுமியான்மலைக்கு ஒரு மணிக்குப் போய் நின்றால் நடை சாத்தியிருக்கும். இசைக் கல்வெட்டைப் பார்க்க வந்தவர்கள் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். பூசை நடக்கும் கோயிலைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொண்டு, கொடும்பாளூர் மூவர் கோயில் போன்ற தொல்லியல் துறை இடத்தை நடுப்பகலுக்கு ஒதுக்கலாம். ஒருகாலப் பூசைக் கோயில்களுக்கு இதுவும் போதாது. சாவி பூசாரி வீட்டில் இருக்கும், அவர் பக்கத்து ஊர்க் கல்யாணத்தில் இருப்பார். முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால் ஒரு நாளைக்கு இரண்டு இடம் போதும்.

கழிப்பறை பற்றி அறிவிப்பில் ஒரு வரிகூட இருக்காது. மலையில் வசதி இல்லை என்று தெரிந்த பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். உச்சி வெயிலில் மயக்கம் போட்டு விழுவது அவர்கள்தான். கிளம்பிய பிறகு எந்தப் பெட்ரோல் பங்க், எந்தப் பேருந்து நிலையம், எந்த ஹோட்டல் என்று முன்கூட்டியே பார்த்து வைத்து, அதை அறிவிப்பிலும் எழுதிவிட வேண்டும்.

எண்பது பேர் வந்தார்கள் என்று பெருமைப்படும் குழுக்கள் உண்டு. சித்தன்னவாசலில் ஓவியங்கள் உள்ள குடைவரையான அறிவர் கோயிலின் மண்டபமும் கருவறையும் சின்னவை. பத்துப் பேர் நின்றாலே நெருக்கம். கூட்டமாக உள்ளே புகுந்தால் மூச்சுக்காற்றின் ஈரம் ஓவியத்துக்கு ஆகாது, பின்னால் நிற்பவருக்கு எதுவும் தெரியவும் தெரியாது. பிரித்துப் பிரித்து அனுப்புங்கள்; வெளியே காத்திருப்பவர்களுக்கு இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கட்டும். ஃப்ளாஷ் வேண்டாம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது. அப்புறம், குகைகளின் புடைப்புக்கடியில் மலைத்தேனீ கட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட வேண்டும். அங்கே புகையும் கூச்சலும் கூடவே கூடாது.

இனி, ஆர்வம் கூடிப்போய்ச் செய்யும் தவறு. தமிழி (தமிழ்-பிராமி என்னும் பழைய தமிழ் எழுத்து) எழுத்துகள் பாறையில் மேலாக வெட்டப்பட்டவை, பல இடங்களில் தேய்ந்தும் போனவை. புகைப்படத்தில் பளிச்சென்று விழட்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பார்கள். சுண்ணாம்பு, மாவு பூசுகிறவர்களும் உண்டு. தேய்க்கும்போது கல்லின் மேற்பரப்பு உதிர்கிறது, பொடி குழிக்குள் தங்கிவிடுகிறது. இதைவிட மோசம், தேய்ப்பவர் தனக்குத் தெரிந்த எழுத்தைத்தான் தேய்ப்பார். பாறை வெடிப்பு ஒன்று புள்ளியாகிவிடும், கீறல் ஒன்று காலாகிவிடும். அடுத்து வருபவர் அந்தச் சாக்பீஸைத்தான் படிப்பார், கல்வெட்டை அல்ல. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் போதும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும்போது எழுத்து தானாக எழும்பும்; குகைக்குள் டார்ச்சைச் சுவரை ஒட்டிப் பிடித்தால் அதே வேலை நடக்கும். கல்வெட்டின் மேல் தாளை ஒற்றிப் படி எடுப்பது தனிப் பயிற்சி, அதற்கு அனுமதியும் வேண்டும். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958ஆம் ஆண்டுத் தொல்லியல் சின்னங்கள் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பேசுகிறவர் கதை அளப்பதும் சேதம்தான். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று இன்னும் மைக்கில் சொல்கிறார்கள். விழுகிறது, வெயிலில் போய் நின்றால் யாருக்கும் தெரியும். சித்தன்னவாசல் ஓவியங்களை ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலம் என்று ஆராய்ச்சியாளர்களே முதலில் கருதினார்கள். பின்னால் பாண்டியன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கோயிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டை வைத்து, ஒன்பதாம் நூற்றாண்டு என்று கருத்து மாறியது. கருத்து எப்படி மாறியது என்று சொன்னால் மாணவர்கள் காது கொடுத்துக் கேட்கிறார்கள். பழைய பாடத்தை ஒப்பிப்பதில் அந்தச் சுவை இல்லை.

உள்ளூர்க்காரர்களிடம் நடந்துகொள்ளும் விதம் இன்னும் நுணுக்கமானது. மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போகிறீர்கள் என்றால், அடிவாரத்தில் இருப்பது ஊர் மக்களின் கோயில். அங்கே செருப்போடு ஏறிவிட்டு மேலே போய்ப் பாரம்பரியம் பற்றிப் பேசினால் யார் மதிப்பார்கள்? சில ஊர்களில் சமணத் தீர்த்தங்கரர் சிலையோ புத்தர் சிலையோ வேறு பெயரில் சாமியாக இருக்கும். "இது உங்க சாமி இல்லீங்க" என்று விளக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் பாட்டியிடம் போய்ச் சொல்வது அறிவு அல்ல. சேலம் பெரியேரி தலைவெட்டி முனியப்பன் சிலை புத்தர்தான் என்று 2022இல் உயர் நீதிமன்றமே தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. அவ்வளவு கனமான விஷயம் அது. சிலையைப் பற்றி உங்களுக்குள் தாராளமாகப் பேசுங்கள். அந்தப் பாட்டியிடம் கேட்க வேண்டியது வேறு: இந்தச் சாமிக்கு என்ன பெயர், எப்போது பொங்கல் வைப்பீர்கள்? அதுவும் மரபுதானே.

மேடை மோகத்தையும் சொல்லாமல் விட முடியாது. தூணில் ஃப்ளெக்ஸைக் கட்டி, வரவேற்புரை, வாழ்த்துரை, ஆளுக்கொரு பொன்னாடை என்று முக்கால் மணி நேரம் போய்விடும். வந்த பிள்ளைகள் அதற்குள் பாறையில் சறுக்கு விளையாடத் தொடங்கியிருக்கும். பொன்னாடையெல்லாம் ஆண்டு விழாவில், மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம். வசூலித்த பணத்துக்கு மட்டும் அன்று இரவே குழுவில் கணக்குப் போட்டுவிடுங்கள்.

திரும்பும் வழியில் யாராவது ஒருவர் பையில் பழங்காலக் கறுப்பு சிவப்புப் பானை ஓடு ஒன்றை எடுத்து வைத்திருப்பார். கிடந்த இடத்தைவிட்டு எடுத்த ஓடு வெறும் ஓடுதான். அது எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது. தொடாமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லலாம். காட்டுக்குள்ளோ கண்மாய்க் கரையிலோ காவல் இல்லாமல் நிற்கும் நடுகல்லையும் சிலையையும் முகநூலில் போடும்போது ஊர்ப் பெயரையும் கூகுள் மேப் இணைப்பையும் சேர்க்காதீர்கள். சிலை திருடுபவர்களும் அதே பதிவைத்தான் படிக்கிறார்கள்.