படப்பிடிப்புத் தளத்தில் உளநல முதலுதவி: பயிற்சி எடுத்தவர்களும் செய்கிற தவறுகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குறும்படம், பாடல் காணொளி, தொலைக்காட்சி நிகழ்ச்சி என்று ஓடித் திரிகிறவர்களில் பெரும்பாலானோருக்கு மாதச் சம்பளம் கிடையாது. படப்பிடிப்பு இருந்தால் கூலி. இல்லாத நாட்களில் கல்யாண வீட்டு வீடியோ, அதுவும் இல்லையென்றால் கடன். விடியற்காலை தொடங்கி நடுச்சாமம் வரை நீளும் வேலைக்கு நடுவே ஒருவர் உடைந்து அழுதால், ஒரு சோடாவை வாங்கிக் கொடுத்து "சரி, அடுத்த ஷொட்டுக்கு வா" என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. இந்த நிலைமை மாற உளநல முதலுதவிப் பயிற்சி அவசியம் என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால் பயிற்சியைப் பிழையாக விளங்கிக்கொண்டவர் நல்லெண்ணத்தோடேயே பெரிய சேதத்தைச் செய்துவிடலாம்.

இந்தப் பயிற்சியை 2000 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனர், அந்தனி ஜோர்ம் என்ற இருவர் உருவாக்கினார்கள். ஆளை அணுகி நிலைமையைக் கணிப்பது, குறை சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்பது, ஆறுதலும் தகவலும் தருவது, வைத்தியர் அல்லது உளவளத்துணையாளரிடம் போகத் தைரியம் சொல்வது, வீட்டார், நண்பர்களின் துணையைச் சேர்த்துக்கொள்ளச் செய்வது ஆகிய ஐந்தும்தான் அதன் சாரம். நோய்க்குப் பெயர் வைப்பதும் சிகிச்சை செய்வதும் இதில் இல்லை. சான்றிதழ் கைக்கு வந்ததும் "அவனுக்கு மனச்சோர்வு, இவளுக்குப் பதகளிப்பு" என்று தளம் முழுவதும் பெயர் சூட்டித் திரிவது முதலாவது தவறு. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் அடுத்த படத்துக்கு அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

நம்முடைய மண்ணில் இதைவிடப் பாரதூரமான தவறு ஒன்று உண்டு. கல்லடிக் கடற்கரையில் சுனாமிக் காட்சி ஒன்றைப் படமாக்குவதாக வைத்துக்கொள்வோம். துணை நடிகர்களாக நாவலடியிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் ஆட்களைக் கூட்டி வருகிறோம். "ஓடுங்கள்" என்று ஒலிபெருக்கியில் குரல் கேட்டதும் எல்லோரும் ஓடுகிறார்கள். ஒரு பெண் மட்டும் அசையாமல் நிற்கிறார். கை நடுங்குகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. 2004 டிசம்பர் 26 அன்று அவர் எங்கே நின்றார், யாரைப் பறிகொடுத்தார் என்று நடிகர் தேர்வின்போது எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். யுத்தக் காட்சியில் வெடிச்சத்தம் கேட்டு உறைந்துபோகிறவர்களின் கதையும் இதுதான்.

இந்த இடத்தில் பலர் செய்வது, சுற்றி வளைத்துக்கொண்டு "என்ன நடந்தது? சொல்லுங்கள், சொன்னால் மனம் ஆறும்" என்று கிண்டுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தக்கூடாது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2011 இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் வலியுறுத்துகிறது. கூட்டத்தை விலக்குங்கள். உங்கள் பெயரைச் சொல்லி, பக்கத்தில் இருக்கலாமா என்று கேளுங்கள். தொடுவதற்கு முன்னும் கேளுங்கள். "இது கல்லடி, படப்பிடிப்பு நிறுத்தப்பட்டுவிட்டது, நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்று நிதானமாகச் சொல்லுங்கள். நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். அவராகப் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் அந்த மௌனத்தோடு கூடவே இருங்கள்.

கமராவை உடனே நிறுத்துங்கள். "உண்மையான அழுகை, விட்டுவிடாதே" என்று ஒளிப்பதிவாளரின் காதில் குசுகுசுப்பதைவிடக் கொடுமை வேறில்லை. அந்தக் காட்சி எவ்வளவு தத்ரூபமாக வந்திருந்தாலும் அழித்துவிட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. அவர் வீட்டுக்குப் போக விரும்பினால் அன்றைய கூலியை முழுதாகக் கொடுத்து, துணைக்கு ஓர் ஆளோடு அனுப்புங்கள். கூலி போய்விடும் என்று பயந்தே பலர் "ஒன்றுமில்லை, நான் சரி" என்று எழுந்து வந்துவிடுகிறார்கள்.

பயிற்சிக்கு யாரை அனுப்புவது என்பதிலும் பிழை நடக்கிறது. இயக்குநரும் தயாரிப்பாளரும் மட்டும் போய் வருகிறார்கள். வேலை கொடுக்கிறவரிடம் போய் "எனக்கு நித்திரை வருவதில்லை" என்று எந்த உதவியாளர் சொல்வார்? ஒப்பனைக் கலைஞரை அனுப்புங்கள். காலையில் முகத்தைக் கையில் எடுப்பவர் அவர்தான். அழுது வீங்கிய கண்ணை முதலில் காண்பவரும் அவர்தான். விளக்குப் பிடிக்கிற தம்பியையும், சாப்பாடு கொண்டு வருகிற அண்ணனையும் சேர்த்து அனுப்பலாம்.

இரகசியம் காப்பது இங்கே லேசான காரியமல்ல. எல்லோரும் எல்லோருக்கும் ஏதோவொரு வழியில் உறவு. காலையில் காத்தான்குடியில் சொன்னது பொழுது சாய்வதற்குள் கல்முனைக்குப் போய்விடும். கேட்டதை மனைவியிடம்கூடச் சொல்லக்கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவக்கூடியவரிடம் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வேண்டி வரலாம் என்பதையும் உங்களிடம் மனம் திறப்பவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. நேரடியாக, அமைதியாகக் கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், ஆபத்தான பொருள் எதுவும் கைக்கெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கிருந்தே 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998 இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் என்றால் மனப் பதற்றம் என்று நீங்களாகவே முடிவு கட்டாமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழையுங்கள்.

கோயிலில் நூல் கட்டுவதையும் தண்ணீர் ஓதிக் குடிப்பதையும் பரிகசிக்கிற பயிற்சியாளர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. பரிகசித்தால் அந்தக் குடும்பம் மறுபடி நம்மிடம் வாய் திறக்காது. அதையும் செய்யுங்கள், வைத்தியரையும் பாருங்கள் என்று சொல்லலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். இந்த விபரங்களைப் படப்பிடிப்பு தொடங்குமுன்பே விசாரித்து எழுதி வைக்க வேண்டும்.

அன்றன்று ஒட்டும் படப்பிடிப்பு அட்டவணையில் சாப்பாட்டு நேரத்துக்குக் கீழே இரண்டு வரி போதும்: அன்றைய உளநல முதலுதவியாளரின் பெயர், 1926 என்ற இலக்கம். அதே தாளில் வேலை முடியும் நேரத்தையும் எழுதுங்கள். பதினாறு மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டு, முதலுதவியாளர் இருக்கிறார்தானே என்று ஒரு தயாரிப்பாளர் சொன்னால், பயிற்சி பெற்றவர்தான் முதல் ஆளாக அவரிடம் போய் நேரத்தைக் குறைக்கும்படி கேட்க வேண்டும்.